ரயிலில் யாரும் போவதில்லை

மாரிகுப்பம்,
12 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பவ்யா எழுதுகிறேன். நானும் அம்மாவும் தம்பி கிரணும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா அனுப்பிய கம்பளித் தொப்பி வந்து சேர்ந்ததா? அங்கே பனி விழுகிறது என்று போனில் சொன்னீர்கள். நான் "ஊம்" என்றேன். போனைக் கையில் வாங்கினால் எனக்கு அதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. ஒற்றை அறையில் அம்மாவும் கிரணும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால்தான் கடிதம்.

கிரணின் ஆதார் கார்டில் பிறந்த தேதியைத் திருத்த நகராட்சி ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கே சுவரில் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். கோலார் தங்கவயல் இன்னும் இருபது வருடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்ற திட்டமாம். மேலே கன்னடத்திலும் இங்கிலீஷிலும் "நெட் ஜீரோ நகரம்" என்று எழுதியிருந்தது. கூரையெல்லாம் சோலார் பலகை, சாலையில் பச்சை பஸ், குடை பிடித்த ஒரு பெண். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய நம் லைன் வீடுகளைத் தேடினேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் நம் வீடுகள் இருக்கிற இடத்தில் வெறும் கோடுகள் போட்டு "அகற்றப்படும்" என்று இருந்தது. பழைய வீடுகள், கூரை நிற்காது, அதனால் நமக்கெல்லாம் புது ஃபிளாட் தரப்போகிறார்கள். அது பேத்தமங்களா பக்கம், புதிதாக வந்த விரைவுச்சாலையின் ஓரத்தில்.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார், "அங்கருந்து முதல் ரயிலுக்கு எப்படிடி வர்றது?" பிறகு அவரே சொன்னார், பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் அவர் சமைக்கிற வீட்டு அம்மா ரொம்ப நாளாகத் தங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள் என்கிறாராம், அப்படித்தான் ஆகும் போல என்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாராம்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். வெந்நீரில்தான் குளியுங்கள்.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகள்,
பவ்யா

*

முகாம், சமோலி மாவட்டம்,
27 ஜனவரி 2025

அன்பு மகள் பவ்யாவுக்கு,

அப்பாவின் ஆசி. தொப்பி வந்தது. என் தலைக்குச் சின்னது, சிரிலுக்குச் சரியாக இருக்கிறது, அவனுக்கே கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லாதே. நம் லைன் பையன் சிரில்தான் இங்கே என் ரூம்காரன். இருமல் பரவாயில்லை. டனல் உள்ளே குளிர் தெரியாது, வெளியே வந்தால்தான் பல் அடிக்கும்.

நம்ம ஊரில் தங்கத்துக்காகத் தோண்டினார்கள். இங்கே ரயிலுக்காகத் தோண்டுகிறோம். கல் அதே கல்தான். என்னையும் சிரிலையும் கண்டால் இங்கே இன்ஜினியர்களுக்கு ஒரு மரியாதை, கே.ஜி.எஃப். ஆள் என்று.

ஃபிளாட் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே அம்மா. கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கும். மழைக்கு ஒழுகாது. ரயிலுக்கு ஏதாவது வழி பிறக்கும். நீ ஆபீஸ் பக்கம் அடிக்கடி போகாதே. யாராவது எதையாவது எழுதிக்கொண்டு வந்து கேட்டால், போன வருடம் சொன்ன மாதிரியே சொல்லு. அப்பா வீட்டோடு இருக்கிறார், வேலை இல்லை. அவ்வளவுதான்.

கிரணை அடிக்காமல் படிக்க வை.

உங்கள் நினைவிலேயே இருக்கும்,
அப்பா காத்தவராயன்

*

மாரிகுப்பம்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தொப்பி விஷயம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, கடிதத்தை அவர்தான் முதலில் பிரித்தார். அடுத்தது உங்கள் அளவுக்குப் பின்னுகிறாராம். மூவரும் நலம். கிரணுக்கு மட்டும் சளி.

ஆபீஸ் பக்கம் போகாதே என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டேன். ஆதார் ரசீது வாங்கத்தான் போனேன், ஆனால் வரைபடத்தின் முன்னால் நின்றுவிட்டேன். நம் ஸ்டேஷனை ஒட்டிச் சுரங்கத்துக்கு மரம் அடுக்கி வைத்த யார்டு இருக்கிறதே, இப்போது முள் மண்டிக் கிடக்கிற இடம், அதைச் சாம்பல் நிறத்தில் தீட்டியிருந்தார்கள். அது என்னவாக இருக்கும் என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவர், "அது வண்டி நிறுத்தம்" என்றார்.

அவர் பெயர் ஐடா. ஊரிகம் பெண்தான், இந்தத் திட்டம் தயாரிக்கிற குழுவில் வேலை. தமிழில்தான் பேசினார். நான் ஓடிவந்திருப்பேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டார்.

நெட் ஜீரோ என்றால் என்ன என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டு தடவை கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: ஒரு ஊர் விடுகிற புகையைக் குறைத்துக் குறைத்து, மிஞ்சுவதை மரமும் மண்ணும் உறிஞ்சிக்கொள்கிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சோலார் போட்டால் மட்டும் அது நடக்காது. "வீட்டை எங்க வைக்கிறோமோ, அதுதான் ஜனங்க எதுல ஏறுவாங்கன்னு முடிவு பண்ணும். வீட்டைத் தூரமா வச்சுட்டு, புகை விடாதேன்னு சொல்ல முடியாது."

அப்படியென்றால் எங்களை ஏன் ரயிலை விட்டுத் தூரமாக வைக்கிறீர்கள் என்று கேட்டேன், அப்பா. எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவர் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினார். போன ஆகஸ்டில் வீடு வீடாகக் கேட்டார்களே, யார் எங்கே வேலைக்குப் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று, அதிலிருந்து போட்ட படம். எங்கிருந்து எங்கே ஆட்கள் போகிறார்களோ அங்கே கோடு. பூதிகோட்டையிலிருந்து பைக்கில் போகிறவர்களுக்குத் தடித்த கோடு. பங்காருபேட்டையிலிருந்து ரயிலுக்குத் தடித்த கோடு. மாரிகுப்பத்திலிருந்து கோடே இல்லை. நம் லைனில் எல்லா வீட்டிலும் ஒரே பதில் எழுதியிருந்தது: வேலை இல்லை, வீட்டோடு.

"நீங்க சொன்னதத்தான்மா நாங்க வரைஞ்சோம்," என்றார். "ரயில்ல யாரும் போறதில்லைன்னு இருக்கு. அப்ப ஸ்டேஷன் பக்கத்துல வீடு எதுக்குன்னு மேல கேட்டாங்க. சாலை ஓரம் நிலம் சும்மா கெடக்குது, அங்க வச்சாங்க. அங்கருந்து யாராவது ரயிலுக்கு வந்தா வண்டியில வருவாங்க, அதுக்குத்தான் இங்க வண்டி நிறுத்தம்."

நான் அந்தச் சாம்பல் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற நம்மைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்து, நாம் திரும்பி வரும் வண்டிகளுக்கு இங்கே இடம்.

விடியும் முன்னே நம் லைனில் எத்தனை பேர் தூக்குப்பையோடு ஸ்டேஷனுக்கு நடக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோரும் அன்றைக்கு நீங்கள் சொன்ன மாதிரியே சொல்லியிருக்கிறார்கள். வெளியூர் வேலை என்று தெரிந்தால், எந்த வீடு யாருக்கு என்று எழுதி வைத்திருக்கிற வீட்டுப் பதிவிலிருந்து பெயர் போய், வீடும் போய்விடும் என்ற பயம்.

மார்ச் கடைசி வரை ஆட்சேபம் கொடுக்கலாமாம். வீட்டுப் பதிவில் உள்ளவரின் பெயரைப் போட்டு, உண்மையாக எங்கே எதில் வேலைக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால், போதுமான வீடுகள் கொடுத்தால், மறுபடி கணக்கெடுக்க வைக்க முடியும் என்கிறார். வீட்டுப் பதிவு வேறு ஆபீஸ், இது வேறு ஆபீஸ் என்றும் சொன்னார். அதை அப்படியே எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்.

நம் வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. நீங்கள் வெளியூரில் வேலை செய்கிறீர்கள், அம்மா ரயிலில் போகிறார் என்று நான் எழுதட்டுமா? சரி என்று ஒரு வரி போதும்.

குளிரில் ஜாக்கிரதையாக இருங்கள்.

அன்புடன்,
பவ்யா

*

முகாம், சமோலி மாவட்டம்,
24 பிப்ரவரி 2025

அன்பு மகள் பவ்யாவுக்கு,

கடிதம் வந்தது. நான் நலம். கிரணுக்குச் சளி போயிற்றா? துளசியும் மிளகும் தட்டிப் போட்டுக் கொடு, மாத்திரை வேண்டாம்.

இங்கே போன வாரம் முழுக்கப் பனி. மெஸ்ஸில் தினமும் ராஜ்மாதான். சிரில் ஒரு நாள் எங்கேயோ போய்ப் புளி வாங்கி வந்து ரசம் வைத்தான். வடக்கத்திப் பையன்கள் குடித்துப் பார்த்து இது மருந்தா என்று கேட்டார்கள். ஆனாலும் எல்லாவற்றையும் குடித்துவிட்டார்கள். மறுபக்கத்திலிருந்து தோண்டி வருகிறவர்களின் வெடிச்சத்தம் இப்போது எங்கள் பக்கம் லேசாகக் கேட்கிறது. அதைக் கேட்டால் ஒரு சந்தோஷம்.

வாசல் குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்லியிருந்தேனே, ரோனியைக் கூப்பிட்டாயா? அம்மா ரொம்ப நேரம் நிற்கிறாள், இரவில் அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்து விடு.

வேறு விசேஷம் இல்லை.

எல்லோர் சுகத்தையும் வேண்டும்,
அப்பா

*

மாரிகுப்பம்,
8 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். கிரணுக்குச் சளி போய்விட்டது. ரோனி வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார். அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன், பாதி தேய்ப்பதற்குள் தூங்கிவிடுகிறார்.

எல்லாவற்றையும் எழுதினீர்கள். நான் கேட்ட ஒன்றை மட்டும் எழுதவில்லை. கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்கக் கூடாது என்று லைனில் வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். முதல் மூன்று வீட்டில் கதவைத் தட்டிவிட்டு, யாராவது வருவதற்கு முன்பே வந்துவிட்டேன். நான்காவது மங்கம்மா அக்கா வீடு. அவர் கதவைத் திறந்தபடியே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் ஓட முடியவில்லை.

"இன்னாடி, வாயே தொறக்காத பொண்ணு வீடு வீடா வந்துக்கினு கீறே?" என்றார்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டது. அவர் கீரையைக் கீழே வைக்காமல் கேட்டார். அவர் மகன் திலீப்பும் அம்மா போகிற ரயிலில்தான் போகிறான்.

"ரயில்ல போறேன்னு எழுதிக் குடுத்தா, அப்ப ரயில்லயே குடியிருந்துக்கோன்னு சொல்லுவான். போடி, போய் அடுப்பைப் பாரு."

லைன் முழுக்க இதே பதில்தான். சிலர் அன்பாகச் சொன்னார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு மாமா, நாலாவது சுரங்கக்குழி ஷாஃப்ட் பக்கம் குடியிருப்பவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்குத் திட்டம் புரிகிறதா என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

நம் வீட்டுப் பெயர் முதலில் இருந்தால் மற்றவர்கள் எழுதுவார்கள் என்று தோன்றுகிறது. உங்களை எல்லோருக்கும் தெரியும். கணக்கெடுப்பு வந்தபோது நீங்கள் போனில் சொன்னதைத்தான் அம்மா குழாயடியில் சொன்னார், அதைத்தான் லைனே சொன்னது. இப்போதும் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இரண்டு ஞாயிறாக உங்கள் போன் வரவில்லை. அங்கே மலை சரிந்து டவர் விழுந்துவிட்டது என்று சிரில் அண்ணன் வீட்டில் சொன்னார்கள். அதனால் இந்தக் கடிதத்துக்காவது உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
பவ்யா

*

மாரிகுப்பம்,
26 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய விருப்பம். இன்றைக்கும் தபால் இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதுவரை காத்திருந்தால் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்று இன்று காலையிலேயே போய்க் கொடுத்துவிட்டேன். உங்கள் பெயர், கே. காத்தவராயன். வேலை, ரயில்வே டனல், உத்தராகண்ட். அம்மா பெயர், வேலை ஒயிட்ஃபீல்ட், தினமும் முதல் ரயில். எழுதியவர் மகள் என்று என் கையெழுத்து.

அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். அவர், "நான் ராத்திரி வீட்டுக்கு வரணும். அதுக்கு இன்னா எழுதணுமோ எழுது" என்றார்.

நேற்று சாயங்காலம் லைன் வீடுகளுக்கு மறுபடியும் போனேன். நம் வீட்டு மனுவை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். யாரையும் எழுதச் சொல்லவில்லை, இதை நாளை கொடுக்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். இருட்டுவதற்குள் திலீப் தன் மனுவோடு வந்தான். மங்கம்மா அக்காவுக்குத் தெரியாமல் எழுதியிருப்பான் என்று நினைத்தேன். பின்னாலேயே அக்காவும் வந்தார். "பேனா நல்லா எழுதலே, இதுல எம்பேரு தெரியுதா பாரு" என்று காகிதத்தை நீட்டினார். அதற்குப் பிறகு எழுதத் தெரியாதவர்களுக்காக நான் எழுதிக்கொண்டே இருந்தேன், கை மரத்துவிட்டது.

உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் பெயரை எழுதியது இதுவே முதல் தடவை. வேறு வழி தெரியவில்லை.

உங்கள் மகள்,
பவ்யா

*

முகாம்,
22 மார்ச் 2025

பவ்யாவுக்கு,

உன் மார்ச் எட்டாம் தேதிக் கடிதம் கிடைத்தது. சாலை அடைத்துக் கிடந்ததால் இதுவும் எப்போது வந்து சேருமோ தெரியாது.

என் பெயரை எழுதாதே. யார் கேட்டாலும் எழுதாதே. லைனில் மற்றவர்களையும் எழுத வைக்காதே. ஃபிளாட் எங்கே கொடுக்கிறார்களோ அங்கே போகலாம். கையில் இருக்கிற வீட்டை விட்டுவிடக் கூடாது.

இது அப்பா சொல்வது. கேள்.

காத்தவராயன்

*

மாரிகுப்பம்,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் ஏப்ரல் முதல் தேதி வந்தது. நான் மனு கொடுத்து ஆறு நாள் ஆகியிருந்தது. அம்மா படித்துவிட்டு, மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். அன்று இரவு நான் எண்ணெய் எடுத்தபோது காலை நீட்டினார். அதனால் என் மேல் கோபம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று மங்கம்மா அக்காதான் சொன்னார். உங்கள் அண்ணன், ஏகநாதன் பெரியப்பா, சுரங்கம் மூடிய பிறகு வேறு ஊர்ச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனாராம். போகும்போது எங்கே போகிறேன் என்று மறைக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். பொங்கலுக்குத் திரும்பி வந்தால் கதவில் வேறு பூட்டு. பூட்டியது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர் எழுதிக் கொடுத்ததால்தானா என்பதும் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவர் சாமானோடு தெருவில் நின்றதை நீங்கள் பார்த்தீர்களாம். அந்த வருடம் முழுக்க அவர் குடும்பம் நம் ஒற்றை அறையில்தான் இருந்ததாம்.

பெரியப்பா போட்டோ நம் வீட்டில் இருக்கிறது. இதை மட்டும் நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் உங்கள் பெயரை எழுதியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். எழுதியிருப்பேன். உங்களுக்கு இன்னும் நீளமாகக் கடிதம் போட்டுவிட்டு எழுதியிருப்பேன்.

இப்போது நடந்தது. ஏப்ரல் பதிமூன்று, ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து ஐடா மேடம் ஆட்களோடு மறுபடி கணக்கெடுக்க வந்தார். முதல் அரை மணி ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. பிறகு திலீப் தெருவில் நின்று தன் சீசன் டிக்கெட்டைக் காட்டினான். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பல வருடங்களாக ஒரே பெட்டியில் போகிறவர்கள் முதல் தடவையாக அதைச் சத்தமாகச் சொன்னார்கள். மங்கம்மா அக்கா, ரயில் தாமதமாக வருகிற நாட்களின் கதையையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த ஆள் எழுதிக்கொண்டான் பாவம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன புதன்கிழமை வீட்டுப் பதிவு ஆபீஸிலிருந்து நமக்கும் இன்னும் இரண்டு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. பதிவில் உள்ளவர் வெளியூரில் வேலை செய்வதாகத் தெரிகிறது, இங்கேதான் குடும்பம் வசிக்கிறது என்பதற்கு விளக்கம் கொடுக்க வேண்டும் என்று. ஐடா மேடத்திடம் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "வேறு ஆபீஸ்னு நான் சொன்னது தப்பு. அவங்களும் பட்டியலைக் கேட்டு வாங்கியிருக்காங்க" என்றார்.

ஆக, நீங்கள் பயந்தது வெறும் பயம் இல்லை. உங்களிடம் இதை மறைக்க விரும்பவில்லை. நோட்டீசின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். விளக்கம் கொடுக்க ஜூன் கடைசி வரை நேரம் இருக்கிறது. நான் விட்டுவிட மாட்டேன்.

உங்கள் கோபத்தையாவது எழுதி அனுப்புங்கள்.

பவ்யா

*

முகாம், சமோலி மாவட்டம்,
30 மே 2025

அன்பு மகள் பவ்யாவுக்கு,

ஆசிகள். டவர் சரியாகி அம்மாவோடு பேசியபோதெல்லாம் உன்னைக் கூப்பிடச் சொல்ல வாய் வரவில்லை. நீ "ஊம்" என்பாய், நானும் "ஊம்" என்பேன்.

உன் கடிதத்தையும் நோட்டீசையும் பல நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஷிப்ட்டுக்குப் போனேன். கோபம் இருந்தது. அண்ணன் விஷயத்தை மங்கம்மா சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டாள். அன்றைக்கு அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை, தெரியுமா. பூட்டைப் பார்த்தான், சாமானை எடுத்தான், வந்துவிட்டான். யாரிடமும் போய்க் கேட்கவில்லை. நானும் கூடவே இருந்தேன், நானும் கேட்கவில்லை. பேசாமல் இருந்தால்தான் வீடு நிற்கும் என்று அதற்குப் பிறகு நானாக முடிவு செய்துகொண்டேன். பேசாமல் இருந்ததால்தான் அது போயிற்றோ என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தோன்றியது.

போன திங்கட்கிழமை இங்கே ஆபீசில் போய் நின்று, நான் இங்கே வேலை செய்கிறேன், என் குடும்பம் மாரிகுப்பத்தில் இருக்கிறது, இரண்டையும் எழுதிச் சீல் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். இந்த ஆறு வருடமாக எதை ஒளித்துக்கொண்டு திரிந்தேனோ, அதைக் கேட்டு வாங்க வரிசையில் நின்றேன். அந்தச் சர்டிபிகேட் இதோடு இருக்கிறது. டனல் இரு பக்கமும் சேர்கிற நேரம், லீவு தரமாட்டார்கள். நீதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மனுவில் என் தகப்பன் பெயரின் முதல் எழுத்தைக் கே என்று போட்டிருக்கிறாய். எம், பெண்ணே. உன் தாத்தா பெயர் முனிசாமி. சர்டிபிகேட்டில் சரியாக இருக்கிறது.

அம்மா ராத்திரி வீட்டுக்கு வர வேண்டும். சரிதான்.

அன்புடன்,
அப்பா

(கீழே எழுதுவது சிரில். தங்கச்சி, நீ எழுதின எல்லாத்தையும் உங்கப்பா எங்க ஷிப்ட்டுக்கே படிச்சுக் காட்டிட்டாரு. எங்க வீட்டு மனுவும் உன் கையெழுத்துதானாமே, எங்கம்மா சொன்னாங்க. தொப்பி நல்லா இருக்கு.)

*

மாரிகுப்பம்,
6 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது, மூலையில் குண்டான் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டது, நடுவில் கை குலுக்கினீர்கள் என்று போனில் கேட்டதும் கிரண் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தான்.

ஜூன் இருபத்தாறாம் தேதி நகராட்சி ஹாலில் ஆட்சேப விசாரணை நடந்தது. பூதிகோட்டையிலிருந்து, பங்காருபேட்டையிலிருந்து எல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். நம் முறை வந்ததும், லைன் சார்பில் யார் என்று கன்னடத்தில் கேட்டார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் மங்கம்மா அக்கா முழங்கையால் இடித்தார்.

"நீ பேசு. நான் பேசினா சண்டையாப்பூடும்."

எழுந்து நின்றேன். மறு கணக்கெடுப்பில் வந்த கோட்டை ஐடா மேடம் சுவரில் போட்டுக் காட்டினார். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு, மற்ற எல்லாவற்றையும் விடத் தடித்த கோடு. தலைமை அதிகாரி அதை நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னிடம் நேராகக் கேட்டார், மரியாதையாகத்தான். யார்டில் வீடு கட்டிக் கொடுக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம், பத்து வருடத்தில் உங்கள் பிள்ளைகள் எல்லோரும் பைக் வாங்கிவிட்டால் இந்த நெட் ஜீரோ கணக்கு என்ன ஆகும்?

நான் கன்னடத்தில் சொன்னது இது: "வாங்குவாங்க சார். ஆனா ஸ்டேஷன் பக்கத்துல இருந்தா வேலைக்கு அதை எடுக்கமாட்டாங்க. சாலை ஓரம் கொண்டுபோய் வச்சீங்கன்னா பால் வாங்கறதுக்கே எடுத்தாகணும். எங்கம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. அவங்க ராத்திரி வீட்டுக்கு வரமாட்டாங்க."

அதற்கு மேல் தயாரித்து வைத்திருந்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் பேசினார்கள். யார்டின் கிழக்கு ஓரத்தில் சுரங்கக் கழிவு மண் மேடு இருப்பதை அந்த அதிகாரியே எடுத்துச் சொன்னார், மண்ணைச் சோதிக்காமல் வீடு கட்ட முடியாது என்று. அது நியாயம்தான்.

முந்தாநாள் புது வரைபடம் மாட்டினார்கள். யார்டு இப்போது மஞ்சள், மஞ்சள் என்றால் குடியிருப்பு. வண்டி நிறுத்தம் இருந்த சாம்பல் சதுரம் சுருங்கி, சைக்கிளுக்கும் பஸ் திரும்புவதற்கும் ஒரு துண்டு. விரைவுச்சாலை ஓரத்தில் நமக்கென்று போட்டிருந்த இடம் மறுபடியும் வயல். கிழக்கு ஓரத்துக்கு மட்டும் மண் சோதனை முடியும்வரை கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். இன்னும் பெங்களூரில் ஒப்புதல் ஆக வேண்டும். ஆனாலும் அம்மா நேற்று வேலைக்குப் போகும் முன்பு, விளக்கு எரிகிறதா என்றுகூடப் பார்க்காமல், ஆபீஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாராம். "ஒண்ணுமே தெரியலே, ஒரே இருட்டு" என்று சொல்லிச் சிரித்தார். ஒயிட்ஃபீல்ட் அம்மாவிடம் தங்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டுப் பதிவு விஷயம் முடியவில்லை. சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டார்கள், ரசீது கொடுத்தார்கள். முதலெழுத்தையும் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். ஆனால் பெயர் நிற்குமா என்பதை இன்னும் சொல்லவில்லை. மற்ற இரண்டு வீட்டுக்கும் அப்படியே. அடுத்த மாதம் மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பதிவில் உள்ளவர் வரலாம், அல்லது அவர் சார்பில் யாராவது வரலாம்.

இப்போது லீவு கிடைக்கும் என்று சொன்னீர்கள். தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டுக்கும் நானே போய்ப் பேசுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் ஒரு காகிதத்தில் உங்கள் கையெழுத்தோடு, "என் சார்பில் என் மகள் பேசுவாள்" என்று எழுதி அனுப்புங்கள்.

வெந்நீரில் குளியுங்கள்.

உங்கள் மகள்,
எம். காத்தவராயன் மகள் பவ்யா